கடையைக் காக்கிறோம், வீட்டைக் காக்கிறோமா?

நமது சங்க இதழில் வரி பற்றியும், தராசு முத்திரை பற்றியும், உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றியும் விவரம் அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, குத்தம்பாக்கத்தில் நாற்பது வருடமாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தில் பிழை இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உறுப்பினர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் கடையில் தீயணைப்புக் கருவி இருக்கிறதா? அநேகமாக எல்லோரும் இருக்கிறது என்பீர்கள். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? பாங்கியில் கடன் வாங்கிய எல்லோருக்கும் உண்டு. இல்லாவிட்டால் பாங்கி விடாது. சரி, உங்கள் வீட்டில்? மனைவி, மருமகள், பேரன் பேத்தி தூங்குகிற அந்த வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாளாவது பேசியிருக்கிறீர்களா?

நான் பேசியதில்லை. அதனால் பட்டேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டில் நடந்தது

நம்மில் பலரைப் போல எனக்கும் கீழே குடோன், மேலே வீடு. மாடிக்கு ஒரே படிக்கட்டு. தெருவைப் பார்த்து இரும்பு கிரில் கேட். ரொக்கம் புழங்குகிற வீடு என்பதால் திருட்டுப் பயம் எப்போதும் உண்டு. ஆகவே கேட்டுக்கு நல்ல பூட்டு, மாடி பால்கனிக்கும் முழுக் கிரில். படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தை வீணாக்க மனம் வரவில்லை. அங்கே இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வைத்து, மீதி இடத்தில் சரக்கை அடுக்கினேன்.

2019 கார்த்திகை மாதம். தீபத்துக்காக வாங்கிய சரக்கு குடோனில் கொள்ளாமல், ஊதுபத்தி, பஞ்சுத்திரி அட்டைப்பெட்டிகள் படிக்கட்டின் கீழே பேட்டரியை ஒட்டி நின்றன. நான் மிளகாய் வற்றல் கொள்முதலுக்காக விருதுநகர் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மகன் லோடு வண்டியோடு வெளியூரில். என் மனைவி ஸ்ரீபெரும்புதூரில் தங்கை வீட்டில். வீட்டில் மருமகளும் இரண்டு குழந்தைகளும் மட்டுமே. கேட்டில் இருந்தது அமுக்குப் பூட்டு. பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், திறப்பதற்கு வேண்டும். மருமகள் வழக்கம்போல் அமுக்கிப் பூட்டிவிட்டுப் படுத்திருக்கிறாள்.

விடியற்காலை நாலு மணி சுமாருக்குக் குழந்தை இருமுவதைக் கேட்டு எழுந்து மாடிக் கதவைத் திறந்தால், படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. உடனே எனக்குப் போன் செய்தாள். "மாமா, கேட்டுச் சாவி எங்கே இருக்கு?" என்று கேட்டாள். பஸ் திண்டிவனம் அருகே வந்துகொண்டிருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இன்னொரு சாவி என் மனைவி பீரோவில் எங்கோ வைத்தது. எந்தத் தட்டு என்று அவளுக்கே நினைவில்லை.

அந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் பெண் பதறவில்லை. திறந்த கதவை உடனே சாத்தினாள். துண்டுகளை நனைத்துக் கதவின் அடி இடுக்கில் திணித்தாள். குழந்தைகளைப் பால்கனிக்கு இழுத்துவந்து, கிரில்லைத் தட்டிக் கத்தினாள். அடுப்பு பற்றவைக்க வந்த எதிர் டீக்கடைக்காரரும், பால்காரரும் ஓடிவந்து, முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். வீதியில் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணலை வாரிப் போட்டுப் பெட்டிகளை அணைத்தார்கள். பேட்டரிக்குப் போன ஒயரின் முனை தளர்ந்து சூடாகி, அட்டைப்பெட்டியில் பிடித்திருக்கிறது என்று பின்னால் எலக்ட்ரீஷியன் சொன்னார்.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதே இடத்தில் கற்பூரப் பெட்டிகளும் அடுக்கியிருந்தேன். அவை முந்தின நாள்தான் திருமழிசைக் கடைகளுக்குப் போயிருந்தன. ஒரு நாள் தாமதமாகியிருந்தால் இன்று இதை எழுத என் கை எழுந்திருக்காது. கள்ளனுக்குப் பயந்து நான் போட்ட பூட்டு, என் பேரப்பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிய பூட்டாக இருந்தது.

கொல்வது புகை

நமக்கு நடந்தது பிறருக்கும் நடந்திருக்கிறது. அவர்களுக்கு அதிர்ஷ்டம் துணை நிற்கவில்லை. 2022 மார்ச் மாதம் வேலூரில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்து, தகப்பனும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஊரப்பாக்கத்தில் பிரிட்ஜ் வெடித்து எழுந்த புகையில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள். 2023 ஆகஸ்டில் மணலி பக்கம் மாத்தூரில் ஒரு பாட்டியும் மூன்று சிறுமிகளும் தூக்கத்திலேயே இறந்தார்கள். கொசுவிரட்டி மிஷின் சூடாகி உருகி, கீழே இருந்த அட்டைப்பெட்டியில் விழுந்து புகைந்தது என்று அப்போது செய்தி வந்தது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இவர்கள் யாரும் குடிசையில் இருந்தவர்கள் அல்ல. வீடு முழுக்கப் பற்றி எரிந்து, ஜுவாலையில் சிக்கி இறந்தவர்களும் அல்ல. தூங்குகிற நேரத்தில், மூடிய வீட்டில், புகை கொன்றிருக்கிறது. தூங்குகிறவனுக்குப் புகை நாற்றம் தெரியாது. அதில் உள்ள விஷவாயு அவனை விழிக்க விடாமலேயே மயக்கிவிடும். மாத்தூரில் எமனாக வந்தது ஒரு அட்டைப்பெட்டி. நம் வீடுகளில் எத்தனை அட்டைப்பெட்டி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்து ஏற்பாடு

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் பாதிக்கு மேல் கூரை வீடுகள். பங்குனி, சித்திரை வந்தால் ஊரே எச்சரிக்கையாகிவிடும். வாசலில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும். தெருவுக்கு ஒரு நீளத் துறட்டி சார்த்தியிருக்கும். ஒரு கூரை பற்றினால் அடுத்த கூரையின் ஓலையைத் துறட்டியால் இழுத்துத் தள்ளி, தீ தாவாமல் தடுப்பார்கள். கோணியை நனைத்துக் கூரைமேல் போடுவார்கள். மாட்டை யார் அவிழ்ப்பது, கிழவியை யார் தூக்குவது என்பது வரை சொல்லி வைத்திருப்பார்கள்.

பிறகு காலம் மாறியது. 1996இல் பஞ்சாயத்துத் தலைவராக வந்த இளங்கோ அவர்கள் காலத்தில் எங்கள் ஊருக்குச் சமத்துவபுரமும் இரட்டை வீடுகளும் வந்தன. கூரைகள் குறைந்தன. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 2030க்குள் தமிழ்நாட்டில் குடிசையே இருக்கக் கூடாது என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் கூரை போனதோடு துறட்டியும் தண்ணீர்த் தொட்டியும் போய்விட்டன. கான்கிரீட் வீட்டுக்குத் தீ வராது என்று நினைத்துக்கொண்டோம். முன்பு கூரை வழியாக வந்த தீ இப்போது சுவரில் உள்ள பிளக் வழியாகவும், அடுக்களை டியூப் வழியாகவும் வருகிறது. கூரை வீட்டில் எந்தப் பக்கமும் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடலாம். நாம் கட்டியிருக்கும் வீட்டில் அது முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, சாவி. திருடனுக்குப் பூட்டுப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில், கேட்டிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில், ஒரு ஆணியில் சாவி தொங்க வேண்டும். அந்தச் சாவி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கல்லாச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவியை வைத்துக்கொள்ளாதீர்கள். பால்கனி கிரில்லில் ஒரு பகுதி உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். நான் இப்போது அப்படி வைத்திருக்கிறேன். வெல்டருக்கு ஒரு நாள் வேலைதான்.

இரண்டாவது, சரக்கு. வியாபாரச் சரக்கு வீட்டுக்குள் வரவே கூடாது. முடியவில்லை என்றால் படிக்கட்டிலும், வாசல் வழியிலும், மீட்டர் பெட்டியின் கீழும், பேட்டரி பக்கத்திலும் மட்டும் வேண்டாம். கற்பூரம், தீப்பெட்டி, பட்டாசு, எண்ணெய் டின், சானிடைசர் ஆகியவை ஒரு இரவு கூட வீட்டில் தங்கக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளியாகும். அதற்குக் காற்றோட்டம் வேண்டும். படிக்கட்டு அடி அதற்கு இடம் அல்ல.

மூன்றாவது, மின்சாரம். பத்து வருடத்துக்கு முன் இழுத்த ஒயரில் ஏ.சி., இன்டக்ஷன் அடுப்பு, கீசர் எல்லாம் மாட்டுகிறோம். எம்.சி.பி. என்பது அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும், ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவுக்கு. இரண்டும் வேண்டும். வண்டியையும் செல்போனையும் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. வாசல் வழியில் நிறுத்திச் சார்ஜ் போடவே கூடாது. கொசுவிரட்டிக்குக் கீழே துணியோ பெட்டியோ இருக்கக் கூடாது. புகை வந்தால் கூவும் சிறிய கருவி ஒன்றைப் படுக்கை அறை வாசலில் மாட்டினால், தூங்குகிறவனை அது எழுப்பும்.

நான்காவது, அடுக்களை. சமையல் வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே போக வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். வெளியே போய் 1906க்குப் போன் செய்ய வேண்டும். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் மேலேயே தேதி இருக்கும். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரிகிற எண்ணெய் கூரை வரை சிதறும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். தட்டு இல்லாவிட்டால் நனைத்து நன்றாகப் பிழிந்த கோணி போதும். நம் வீட்டில் கோணிக்கா பஞ்சம்?

ஏ.பி.சி. பவுடர் வகைத் தீயணைப்புக் கருவி சிறியது ஒன்று, ஒரு மூட்டை துவரம் பருப்பு விலையை விடக் குறைவு. அடுக்களைக்கு உள்ளே அல்ல, வாசல் பக்கம் மாட்டுங்கள். தீயைத் தாண்டிப் போய் எடுக்கும்படி இருந்தால் பிரயோஜனம் இல்லை. முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். குப்பைக்கூடை அளவு தீக்குத்தான் அது. அதற்கு மேல் என்றால் விட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஐந்தாவது, ஒத்திகை. புகை மேலே நிற்கும். ஆகவே குனிந்து, தவழ்ந்து வெளியேற வேண்டும். வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு வர வேண்டும். வழி அடைத்துவிட்டால் என் மருமகள் செய்ததைச் செய்ய வேண்டும். ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளக் கூடாது. துணியில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் புரள வேண்டும். எல்லோரும் வந்து சேர ஒரு இடம் சொல்லி வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது எதிர் டீக்கடை. வெளியே வந்தவர் நகைக்கோ பணத்துக்கோ உள்ளே திரும்பக் கூடாது. 101க்கோ 112க்கோ போன் செய்து, முகவரியை அடையாளத்தோடு சொல்ல வேண்டும். பூந்தமல்லியிலிருந்து வண்டி நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி வருவதற்குள் ஆகும் நேரம் நம் கையில் உள்ள நேரம். அதில் தப்பிக்கிற வழி நமக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விட வேண்டும். மை, பேஸ்ட், இட்லி மாவு எதுவும் பூசக் கூடாது. காயம் பெரிதென்றால் 108. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தனி வார்டு இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள், கணக்கும் சொல்ல வேண்டும். என் வீட்டுத் தீயில் போன சரக்குக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. பாலிசியில் குடோன் என்று எழுதியிருந்தது. சரக்கு இருந்தது வீட்டுப் படிக்கட்டில். கம்பெனி மேல் குற்றம் இல்லை, என் மேல்தான். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளிலும் வீட்டுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசி வந்திருக்கிறது. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, வீட்டுச் சாமானும் சேரும். நகைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைச் சரக்கு அதில் சேராது. 5 கோடி வரை மதிப்புள்ள வியாபாரத்துக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று தனிப் பாலிசி உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: சமையல் கேஸ் விபத்துக்கு எண்ணெய்க் கம்பெனிகளே இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன. இறந்தால் தலைக்கு 6 லட்சம், சிகிச்சைக்குத் தலைக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் உள்ள சொத்து சேதத்துக்கு 2 லட்சம் வரை. நாம் பிரீமியம் கட்ட வேண்டாம். ஏஜென்சிக்கு உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். பத்திரம், பாலிசி, ஜி.எஸ்.டி. சான்று ஆகியவற்றின் நகலை வேறு இடத்திலும் டிஜிலாக்கரிலும் வையுங்கள். கருகிய நோட்டை எறிந்துவிடாதீர்கள். மிகவும் எரிந்த நோட்டைப் பாங்கியில் வாங்க மாட்டார்கள், ரிசர்வ் வங்கியில் பரிசீலிப்பார்கள்.

இதையெல்லாம் வீட்டில் பேசினால், "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு? வாயைக் கழுவுங்கள்" என்பார்கள். என் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். கடையில் நஷ்டக் கணக்குப் பார்ப்பதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை. வீட்டுக்கு மட்டும் ஏன்? நாம் பேசாமல் இருப்பதால், தீ வரும்போது நாம் கடையில் இருப்போம். தெரியாமல் தவிப்பது வீட்டுப் பெண்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் வெடித்தது. வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். எந்தச் சரக்கை எந்தச் சரக்கோடு வைப்பது என்பது நம் தொழில் பாடம்; அந்தப் பாடத்தை மறந்ததன் விலை அது.

தீத்தொண்டு வாரத்துக்கும் மே 5 வணிகர் தினத்துக்கும் இடையே இரண்டு வாரம் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் செயல்விளக்கம் வைக்க சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். கடைக்காரர்கள் வந்து கை தட்டிவிட்டுப் போவதில் பயன் இல்லை. கருவிகளை மொத்தமாக வாங்கி, வாங்கிய விலைக்கே உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். மொத்தக் கொள்முதல் நமக்குத் தெரியாத வேலையா?

அது வரும்வரை ஒரு வேலையை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். கடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதும், உங்கள் பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டு, "கேட்டுச் சாவி எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். சட்டென்று கை காட்டினால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். விழித்தால், சாப்பாட்டுக்கு முன் ஒரு ஆணி அடியுங்கள்.